இலத்திரனியல் வளங்களின் உரிமங்களைக் கணினி வாசிக்கும்படி எழுதுவது எப்படி?

திருகோணமலையிலுள்ள ஒரு கல்வி நிறுவன நூலகத்திலிருந்து வந்த கேள்வி இது. சஞ்சிகைகள், மின்னூல்கள், தரவுத்தளங்கள் என்று 14 ஒப்பந்தங்கள் இருக்கின்றன. எல்லாம் பிடிஎஃப் கோப்புகள், அவற்றில் சில ஸ்கேன் செய்த படங்கள். விரிவுரையாளர் ஒருவர் வந்து "இந்தக் கட்டுரையை மூடிலில் போடலாமா?" (மூடில் என்பது பாடக் கோப்புகளை இடும் இணையக் கற்றல் தளம்) என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் இருபது பக்க ஆங்கிலத்தைப் புரட்ட வேண்டியிருக்கிறது. கணினியே பதில் சொல்லும்படி இந்த உரிமங்களை மாற்ற முடியுமா? உரிமங்களைக் குறியீடாக எழுதும் வடிவங்களில் ஓனிக்ஸ்-பிஎல் நல்லதா, ஓடிஆர்எல் நல்லதா?

முடியும். ஆனால் முதல் வருடம் இந்த இரண்டையுமே தொடாதீர்கள். எக்ஸ்எம்எல், அதாவது கணினிக்கான குறியீட்டை, எழுதுவது இந்த வேலையில் கடைசிப் பத்து வீதம். மீதி முழுவதும் ஒப்பந்தத்தை வாசித்து, அது என்ன சொல்கிறது, நாம் என்ன என்று எடுத்துக்கொள்கிறோம், எங்கே அது வாயே திறக்கவில்லை என்று மூன்றாகப் பிரிப்பதுதான். அந்தப் பிரிப்பை ஒரு எக்செல் தாளில் ஒழுங்காகச் செய்திருந்தால் பிறகு எந்த வடிவத்துக்கும் மாற்றலாம். அது இல்லாமல் ஓனிக்ஸ்-பிஎல்லில் இறங்கினால், பிழையான வாசிப்பு ஒன்றுதான் அழகான குறியீட்டுக்குள் போய் உட்காரும்.

முதலில் "கணினி வாசிப்பது" என்றால் என்ன என்று பார்ப்போம். ஸ்கேன் கோப்பை எழுத்துணரி மென்பொருளில் போட்டுச் சொற்களைத் தேடக்கூடியதாக்குவது நல்ல வேலைதான், செய்யுங்கள். ஆனால் அதனால் உரிமம் கணினி வாசிக்கக்கூடியதாகிவிடாது. கணினிக்கு எழுத்து தெரியும், அனுமதி தெரியாது. படைப்பாளிகள் தம் படைப்பைப் பிறர் பாவிக்க விடும் ஆயத்த உரிமங்களான கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமங்களை எடுத்துப் பாருங்கள். அதில் மூன்று அடுக்கு உண்டு: சட்டத்தரணிக்கான முழு வாசகம், சாதாரண மனிதருக்கான ஒரு பக்கச் சுருக்கம், கணினிக்கான குறியீடு. ஒரு இணையப் பக்கத்தில் உரிமத்தின் முகவரியைச் சரியான பண்புடன் இணைத்துவிட்டால் தேடுபொறிக்கு விளங்கிவிடும். அங்கே இருப்பவை ஆறே ஆறு உரிமங்கள். எல்லாருக்கும் ஒரே வாசகம். உங்கள் அலுமாரியிலுள்ள 14 ஒப்பந்தங்களோ ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பேரம்பேசி எழுதப்பட்டவை. ஒரே வெளியீட்டாளரின் 2019 ஒப்பந்தமும் 2023 ஒப்பந்தமும்கூட ஒன்றாக இராது. ஆகவே ஒரு முகவரியைச் சுட்டிவிட்டு ஒதுங்க வழியில்லை. பிரிவு பிரிவாக உடைத்தே ஆகவேண்டும்.

எப்படி உடைப்பது என்பதற்கு நல்ல அடித்தளத்தை அமெரிக்காவின் டிஜிட்டல் நூலகக் கூட்டமைப்பு மின்வள முகாமைத்துவம் பற்றி 2004இல் வெளியிட்ட ஈஆர்எம்ஐ அறிக்கை போட்டது. ஒப்பந்தத்தின் எந்தெந்த விடயங்களைப் புலங்களாக (தனித்தனிப் பெட்டிகளாக) பதிய வேண்டும் என்ற தரவு அகராதி அதில் இருக்கிறது. அமெரிக்கத் தகவல் தர அமைப்பான நைசோவும் நூல் வணிகத் தரங்களை உருவாக்கும் எடிட்யூர் அமைப்பும் வேறு சிலரும் 2005இலிருந்து அதை எடுத்து வளர்த்து, 2008இல் ஓனிக்ஸ்-பிஎல் என்ற எக்ஸ்எம்எல் வடிவத்தின் முதற் பதிப்பைக் கொண்டுவந்தார்கள். ஓடிஆர்எல் வேறு வழியில் வந்தது. 2018 பெப்ரவரியில், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையானது. அனுமதி, தடை, கடமை என்ற மூன்று வகை விதிகளும், ஒவ்வொன்றுக்கும் பொருள், தரப்பு, செயல், கட்டுப்பாடு என்ற உறுப்புகளும் அதில் உண்டு. ஒடுக்கமான, சுத்தமான மொழி.

ஈஆர்எம்ஐ விட்டுச் சென்றவற்றில் மிகப் பெறுமதியானது ஒரு சின்ன விடயம்: ஒவ்வொரு உரிமைக்கும் "ஆம், இல்லை" என்று இரண்டு விடை வைக்காமல் ஆறு விடை வைத்தது. தமிழில் இப்படி எழுதலாம்: வெளிப்படையாக அனுமதி, அனுமதி என எடுத்துக்கொண்டது, வெளிப்படையாகத் தடை, தடை என எடுத்துக்கொண்டது, மௌனம், பொருந்தாது. மௌனம் என்றால் ஒப்பந்தமும் பேசவில்லை, நாமும் இன்னும் முடிவெடுக்கவில்லை என்று அர்த்தம். ஓனிக்ஸ்-பிஎல்லும் இதே ஆறை வைத்திருக்கிறது. அதனால் உங்கள் தாளில் இந்த ஆறையும் வைத்தால், பின்னாளில் மாற்றும்போது ஒன்றுக்கொன்று நேராகப் பொருந்தும்.

ஏன் இவ்வளவு நுணுக்கம்? டிஜிட்டல் பூட்டுக்காக உருவான உரிம மொழிகள், எழுதப்படாத எதையும் மறுக்கும். பாட்டுக்கோப்பை இயக்கும் கருவிக்கு அது சரி. நூலக ஒப்பந்தம் அப்படியல்ல. ஒப்பந்தம் பேசாத இடத்தில் நாட்டின் சட்டம் பேசும். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின் 11ஆம் பிரிவு நியாயமான பாவனையைப் பற்றியது. பாவனையின் நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, சந்தைக்கு வரும் பாதிப்பு என்று நான்கு அம்சங்களைப் பார்க்கச் சொல்கிறது. மௌனத்தைத் தடை என்று பதிந்தால் வாசகருக்குச் சட்டம் தந்ததை நூலகமே பிடுங்கிக்கொள்கிறது. அனுமதி என்று பதிந்தால் நாளைக்கு வெளியீட்டாளரின் கடிதம் வரும்போது கையில் ஒன்றும் இராது. ஆகவே மௌனத்தை மௌனமாகவே பதியுங்கள். முடிவெடுத்த பிறகு "எடுத்துக்கொண்டது" என்று மாற்றி, யார், எந்தத் திகதியில், எந்தக் காரணத்துக்காக என்று பக்கத்தில் எழுதுங்கள்.

ஒரு பிரிவைக் கிட்டவிருந்து பார்ப்போம். நூலகங்களுக்கிடையிலான இரவல் பற்றி ஆங்கில ஒப்பந்தங்களில் அடிக்கடி வரும் பிரிவின் சாரம் இது: "உரிமம் பெற்றவர், அதே நாட்டிலுள்ள வேறொரு வணிகநோக்கற்ற நூலகத்தின் வேண்டுகோளின்பேரில், அந்நூலக வாசகர் ஒருவரின் ஆய்வுக்காகவோ தனிப்பட்ட படிப்புக்காகவோ, தனிக் கட்டுரை ஒன்றின் ஒரு பிரதியை அஞ்சல், தொலைநகல், அல்லது ஏரியல் போன்ற பாதுகாப்பான மின்வழி மூலம் வழங்கலாம். மின்கோப்பு அச்சிட்டவுடன் அழிக்கப்பட வேண்டும்."

"இரவல்: ஆம்" என்று ஒரு பெட்டியில் எழுதினால் இதில் முக்கால்வாசி பறந்துவிடும். உள்ளே எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள். செய்பவர்: உரிமம் பெற்ற நிறுவனம். செயல்: பிரதி வழங்கல். பெறுபவர்: இன்னொரு நூலகம், வணிகநோக்கற்றது, இதே நாடு. அளவு: ஒரு கட்டுரை, ஒரு பிரதி. நோக்கம்: ஆய்வு, தனிப் படிப்பு. வழி: மூன்று. நிபந்தனை: அச்சிட்டுவிட்டு அழித்தல். ஓனிக்ஸ்-பிஎல்லில் பாவனை விதி ஒன்றுக்குள் பாவனையாளர், பாவனை வகை, அனுமதி நிலை, வளம், வழி, நோக்கம், இடம், நிபந்தனை, விதிவிலக்கு என்று தனித்தனி உறுப்புகள் இருப்பது இதற்காகத்தான். ஏரியல் என்பது நூலகங்கள் கட்டுரைப் படங்களைப் பரிமாறிக்கொண்ட பழைய மென்பொருள். அது பாவனையிலிருந்து மறைந்த பிறகும் அதன் பெயர் ஒப்பந்தங்களில் உலாவுகிறது. அப்படியான பெயரைக் கண்டால் "அல்லது அதற்கு ஒப்பான" என்ற சொற்கள் பக்கத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் வேறு பாதுகாப்பான வழியை "அனுமதி என எடுத்துக்கொண்டது" என்று பதியலாம். சாதாரண மின்னஞ்சல் இணைப்பு அந்தப் பாதுகாப்பான வழிக்குள் வராது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இப்போது இன்னும் சிக்கலான இடம். கிழக்குப் பல்கலைக்கழகத்தையே உதாரணமாக எடுங்கள்: தலைமை வளாகம் வந்தாறுமூலையில், திருகோணமலை வளாகம் கோணேசபுரியில், இடையில் நூறு கிலோமீற்றருக்கு மேல். இப்படிப் பரந்த நிறுவனமொன்றில் ஒரு வளாகம் மற்ற வளாகத்துக்குக் கட்டுரை அனுப்பினால் அது இரவலா, ஒரே வீட்டுக்குள் கைமாற்றுவதா? விடை இரவல் பிரிவில் இல்லை. ஒப்பந்தத்தின் தொடக்கத்தில், வரைவிலக்கணப் பகுதியில், "உரிமம் பெற்றவர்" என்றும் "தளம்" என்றும் எழுதியிருப்பதில் இருக்கிறது. முழுப் பல்கலைக்கழகத்தின் பெயரில் கையொப்பமிட்டு, தளம் என்பதை ஒரே நிர்வாகத்தின் கீழுள்ள எல்லா இடங்களும் என்று எழுதியிருந்தால் அது கைமாற்றுவது. தளம் என்றால் ஒரே நகரத்திலுள்ள கட்டடங்கள் என்று இருந்தால் அது இரவல், மேலே சொன்ன நிபந்தனை அத்தனையும் வரும். வரைவிலக்கணத்தைப் பதியாமல் பாவனை விதிகளை மட்டும் பதிந்த அட்டவணைகள் இங்கேதான் கவிழும். ஆகவே எந்த ஒப்பந்தத்திலும் முதலில் பதியவேண்டியவை இரண்டு: யார், எங்கே.

"யார்" என்பதை ஒரே சொல்லாக எழுதாதீர்கள். உள்வாரி மாணவர், வெளிவாரி மாணவர், நிரந்தர உத்தியோகத்தர், வருகைதரு விரிவுரையாளர், ஓய்வுபெற்றவர், பழைய மாணவர், நேரில் வரும் வாசகர் என்று ஏழு வகையையும் தனித்தனி வரியாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஆறு விடைகளில் ஒன்றை இடுங்கள். மூதூரிலோ கிண்ணியாவிலோ இருந்து படிக்கும் வெளிவாரி மாணவர்தான் பெரும்பாலும் சிக்கல். ஒப்பந்தம் "பதிவுசெய்த மாணவர்" என்று சொல்லும், முழுநேரமா பகுதிநேரமா என்று சொல்லும், வெளிவாரி என்ற வகையே அந்த ஆங்கில வாசகத்தில் இராது. அது மௌனம். நேரில் வரும் வாசகருக்கு அனுமதி இருந்தால், நூலகக் கணினியில் மட்டும் என்ற நிபந்தனை அநேகமாகக் கூடவே இருக்கும். அதைத் தவறாமல் நிபந்தனைப் புலத்தில் இடுங்கள், ஏனெனில் நூலகத்தின் வைஃபையில் தன் கைபேசியைக் கொண்டு நுழைபவர் அந்த வரிக்குள் வருகிறாரா என்பது அடுத்த வாரமே எழும் கேள்வி.

தாளில் ஒரு வரி எப்படியிருக்க வேண்டும் என்பதற்கு மாதிரி:

உரிம எண்: 07
கேள்வி: நூலகங்களுக்கிடையிலான இரவல், மின்வழி
விடை: வெளிப்படையாக அனுமதி
நிபந்தனை: ஒரு கட்டுரை, ஒரு பிரதி, இதே நாடு, பாதுகாப்பான வழி, அச்சிட்டபின் கோப்பை அழித்தல்
பிரிவு: 3.4
மூல வாசகம்: ஆங்கிலத்தில் உள்ளபடியே, ஒரு சொல்லும் மாற்றாமல்
ஆவணம்: முதன்மை ஒப்பந்தம், 2ஆம் திருத்தத்தால் மாறவில்லை
வாசித்தவர்: பதவிப்பெயர், திகதி
வாசகருக்குக் காட்டலாமா: ஆம்

மூல வாசகத்தை அப்படியே வைப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஓனிக்ஸ்-பிஎல்லிலும் ஒப்பந்த வாசகத்தைத் துண்டு துண்டாக, ஒவ்வொன்றுக்கும் அடையாளம் கொடுத்து வைத்து, பாவனை விதியிலிருந்து அந்தத் துண்டுக்கு இணைப்புக் கொடுப்பார்கள். குறியீட்டை நம்பாதவர் ஒரு சொடுக்கில் மூலத்தைப் பார்க்கலாம். சுருக்கம் எழுதியவர் மாற்றலாகிப் போன பிறகு மிஞ்சுவதும் அந்த வாசகம்தான்.

எத்தனை கேள்விகள் வைப்பது? ஈஆர்எம்ஐ அகராதி நூற்றுக்கணக்கான புலங்கள் கொண்டது. எல்லாவற்றையும் நிரப்பப் போனால் மூன்றாவது ஒப்பந்தத்தோடு களைத்துவிடுவீர்கள். உங்களிடம் உண்மையில் வந்து கேட்கப்படும் கேள்விகளிலிருந்து தொடங்குங்கள். பாவனையாளர் வகைகளும் தளமும் தவிர, மூடில் போன்ற கற்றல் தளத்தில் கோப்பை இடுவது, இணைப்பை மட்டும் இடுவது, அச்சிட்ட பாடத்தொகுப்பு, இரவலின் மூன்று வழிகள், சக ஆய்வாளருக்கு ஒரு கட்டுரையை அனுப்புவது, உரை மற்றும் தரவு அகழ்வு (கட்டுரைகளை மொத்தமாகக் கணினியால் ஆராய்வது), செயற்கை நுண்ணறிவுக் கருவியில் இடுவது, வளாகத்துக்கு வெளியேயிருந்து அணுகல், ஒரே நேரத்தில் எத்தனை பேர், சந்தாவை நிறுத்தியபின் பழைய இதழ்கள் கிடைக்குமா, பார்வைக் குறைபாடுள்ளோருக்கான மாற்று வடிவம், விலையை வெளியிடத் தடை உண்டா, எந்த நாட்டுச் சட்டம், புதுப்பித்தல். இவ்வளவும் போதும். கோப்பை இடுவதையும் இணைப்பை இடுவதையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். பல ஒப்பந்தங்கள் இரண்டாவதைத் தாராளமாக விட்டு, முதலாவதைப் பாடநெறி முடிந்ததும் அழிக்கச் சொல்லும். உங்கள் விரிவுரையாளர் கேட்டதற்கு அநேகமான நேரங்களில் சரியான பதில் "நிலையான இணைப்பை இடுங்கள், கோப்பை வேண்டாம்" என்பதாகத்தான் இருக்கும். அந்த இணைப்பைத் திறப்பவருக்கு அணுகல் உண்டா என்பதை வெளியீட்டாளரின் தளமே பார்த்துக்கொள்ளும்.

செயற்கை நுண்ணறிவு பற்றி ஒரு வார்த்தை. அண்மைய புதுப்பித்தல்களில் இதற்கெனத் தனிப் பிரிவு சேர்ந்து வருகிறது. 2004இன் அகராதிக்கு இதெல்லாம் தெரியாது. அகழ்வு என்ற பெட்டிக்குள் திணிக்காமல் உங்களுக்கென ஒரு உள்ளூர்க் குறியீடு வையுங்கள். அதையும் இரண்டாகப் பிரிப்பது நல்லது: மாதிரியைப் பயிற்றுவிப்பது ஒன்று, மாணவர் ஒரு கட்டுரையைக் கொடுத்துச் சுருக்கம் கேட்பது மற்றொன்று. சில ஒப்பந்தங்கள் முதலாவதைத் தடுத்து இரண்டாவதை நிபந்தனையோடு விடுகின்றன.

திகதிகள்தான் பணத்தை விழுங்கும் இடம். "தானாகப் புதுப்பிக்கப்படும், முடிவதற்கு 60 நாட்களுக்கு முன் எழுத்தில் அறிவித்தால் அன்றி" என்று ஒரு வரி எங்கோ 11ஆம் பக்கத்தில் இருக்கும். அதைக் குறிப்பாக எழுதினால் கணினி அதைக் கணக்கிடாது. முடிவுத் திகதி, அறிவித்தல் காலத்தின் எண், அலகு, எதிலிருந்து எண்ணுவது என்று நான்கு புலமாக வையுங்கள். முடிவு 2026-12-31 என்றால் 60 நாள் முன்னே 2026-11-01. அது ஞாயிற்றுக்கிழமை. அறிவித்தல் "கிடைத்திருக்க வேண்டும்" என்று வாசகம் சொன்னால், ஒக்டோபர் 30 வெள்ளிக்குள் மின்னஞ்சல் போய்ச் சேர வேண்டும். கொள்வனவுக் குழு கூடி, நிதிப்பிரிவு கையொப்பமிடுவதற்கு இங்கே எடுக்கும் காலம் உங்களுக்குத் தெரியும். ஆகவே நினைவூட்டலை 120 நாளுக்கு, அதாவது செப்டெம்பர் 2க்கு வையுங்கள். திகதியை எப்போதும் ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கிலேயே எழுதுங்கள். 03/04/2026 என்று அமெரிக்க வழங்குநர் எழுதினால் மார்ச் 4, பிரித்தானிய வழங்குநர் எழுதினால் ஏப்ரல் 3. எக்செல் இதைத் தன் மனம்போல மாற்றிவைத்துவிட்டுச் சத்தமில்லாமல் இருக்கும். திகதி நிரலை உரை வடிவமாக அமைத்துவிட்டே தட்டச்சு செய்யுங்கள்.

எக்செல் பற்றிப் பேசும்போது எழுத்துரு விவகாரத்தையும் சொல்லிவிட வேண்டும். தமிழ்க் குறிப்புகளைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யாதீர்கள். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்பினுள் இருப்பது ஆங்கில எழுத்துக்கள். எக்ஸ்எம்எல்லுக்கோ நூலக மென்பொருளுக்கோ மாற்றும் நாளில் எல்லாம் கிறுக்கலாகிவிடும். ஒருங்குறியில் தட்டச்சு செய்து, சிஎஸ்வியாக (வேறு மென்பொருளும் வாசிக்கும் எளிய அட்டவணைக் கோப்பாக) சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்று இருக்கும் தெரிவையே எடுங்கள். சாதாரண சிஎஸ்வி தமிழைக் கேள்விக்குறிகளாக்கிவிடும், திரும்பப் பெற முடியாது.

இனி மென்பொருள். கோஹா என்ற நூலக மென்பொருளைப் பாவிக்கிறீர்கள் என்றால் வேறெங்கும் ஓட வேண்டியதில்லை. 2022 நவம்பரில் வந்த 22.11 பதிப்பிலிருந்து மின்வள முகாமைத்துவப் பகுதி அதனுள்ளேயே இருக்கிறது. முறைமை விருப்பங்களில் அதை இயக்க வேண்டும். ஒழுங்கு முக்கியம்: முதலில் வழங்குநர் பதிவு, பிறகு உரிமப் பதிவு, அதில் வகை, நிலை, தொடக்கத் திகதி, முடிவுத் திகதி, ஆவணங்கள், பிறகு ஒப்பந்தப் பதிவு, பிறகு இரண்டையும் இணைத்து, தற்போது ஆளும் உரிமமா, இனி வரப்போவதா, பழையதா என்று நிலை கொடுப்பது, கடைசியாகத் தலைப்புகளும் பொதிகளும் (ஒன்றாக விற்கப்படும் தலைப்புத் தொகுதிகளும்). தலைப்புப் பட்டியலை வெளியீட்டாளரிடம், அப்படியான பட்டியல்களுக்கான பொது வடிவமான கேபார்ட் வடிவக் கோப்பாகக் கேளுங்கள். உரிமத்தையும் ஒப்பந்தத்தையும் கோஹா வேறாக வைத்திருப்பது குழப்பமாகத் தோன்றும். இதுவரை நான் ஒப்பந்தம் என்று சொன்ன பத்திரம் அங்கே உரிமம், அதாவது விதிகள். அங்கே ஒப்பந்தம் என்பது எந்தக் காலத்துக்கு, எந்தப் பொதியை, யாரிடம் வாங்கினோம் என்ற கொள்வனவு. ஒரே உரிமத்தின் கீழ் மூன்று பொதிகள் வாங்கலாம். விதிகளை மூன்று தடவை பதிந்தால் திருத்தம் வரும்போது ஒன்றை மறப்பீர்கள்.

கோஹாவின் உரிமப் பதிவில் ஆறு விடைகளுக்கும் கேள்விகளுக்கும் ஆயத்தமான புலங்கள் இல்லை. புதிய பதிப்புகளில் மேலதிகப் புலங்களை நீங்களே சேர்க்கலாம், விடைகளுக்கு அங்கீகரித்த மதிப்புப் பட்டியலைப் பிணைக்கலாம். பழைய பதிப்பு என்றால் எக்செல் தாளையே மூலமாக வைத்து, உரிம எண்ணைச் சாவியாக்கி, கோஹாவின் விவரணப் புலத்தில் அந்த எண்ணை மட்டும் இடுங்கள். பிஎச்பியில் எழுதிய கோரல் என்ற திறந்த மூல மென்பொருளில் வாசகத் துண்டை வகைப்படுத்தி வைக்கும் வசதி கோஹாவைவிட நன்றாக இருக்கிறது. ஃபோலியோ என்ற பெரிய நூலக மென்பொருளின் உரிமச் செயலி இன்னும் நல்லது, ஒவ்வொரு விதியையும் உள்ளகமா பொதுவா என்று குறிக்கலாம். ஆனால் 14 ஒப்பந்தங்களுக்காக ஃபோலியோவை நிறுவிப் பராமரிப்பது, ஒரு சாக்கு அரிசிக்குப் பாரவூர்தி பிடிப்பது போன்றது.

வாசகருக்குக் காட்டுவதில்தான் குறியீட்டின் பயன் கண்ணுக்குத் தெரியும். திருகோணமலையில் ஒரே மேசையில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் புழங்கும். ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் மூன்று மொழியில் விளக்கம் எழுதுவது நடக்காத காரியம். விடை குறியீடாக இருந்தால், ஆறு விடைகளையும் இருபது சொச்சக் கேள்விகளையும் ஒரே ஒரு தடவை மொழிபெயர்த்தால் போதும். 15ஆவது ஒப்பந்தம் வந்தாலும் மொழிபெயர்க்க வேண்டியிருப்பது அதன் நிபந்தனைக் குறிப்பு மட்டும். "எடுத்துக்கொண்டது" என்ற வேறுபாடு வாசகருக்குத் தேவையில்லை. திரையில் "செய்யலாம்", "செய்ய வேண்டாம்", "நூலகரைக் கேளுங்கள்" என்ற மூன்று போதும். மௌனம் எல்லாம் மூன்றாவதற்குப் போகும். நூலகப் பட்டியற் பதிவுகளின் வடிவமான மார்க்கில் 506ஆம் புலம் அணுகல் கட்டுப்பாட்டுக்கும் 540ஆம் புலம் பாவனை நிபந்தனைக்கும் இருக்கிறது. ஆயிரக்கணக்கான பதிவுகளின் 540இல் விதியை எழுதி வைக்காதீர்கள், அடுத்த புதுப்பித்தலில் எல்லாம் பொய்யாகிவிடும். உரிமப் பக்கத்தின் முகவரியை மட்டும் இடுங்கள். மாற்றம் ஒரே இடத்தில் நடக்கட்டும்.

பொதியின் விதி எல்லாக் கட்டுரைக்கும் பொருந்தும் என்று கணினி நினைப்பது இன்னொரு பொறி. சந்தாச் சஞ்சிகைக்குள் திறந்த அணுகல் கட்டுரைகள் கலந்திருக்கும். கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமம் தாங்கிய கட்டுரைக்கு "மூடிலில் இட வேண்டாம்" என்று உங்கள் திரை சொன்னால் அது பிழை. நைசோ 2015இல் வெளியிட்ட அணுகல் மற்றும் உரிமக் குறிகாட்டிகள் இதற்குத்தான்: கட்டுரையின் மேல்தரவில் (அதைப் பற்றிய விவரப் பதிவில்), இலவசமாக வாசிக்கலாமா என்று ஒரு குறியும், எந்த உரிமம் என்று ஒரு முகவரியும். கட்டுரைகளுக்கு நிலையான அடையாள எண்ணைப் பதியும் கிராஸ்ரெஃப் அமைப்பின் பதிவுகளிலும் பல கட்டுரைகளுக்கு உரிம முகவரி இருக்கிறது. கட்டுரையளவில் உரிமம் இருந்தால் அதுதான் முன்னுக்கு நிற்கும், பொதியின் விதி பின்னுக்கு என்று ஒழுங்கு வையுங்கள்.

திருத்தங்களைப் பற்றியும் கவனம். முதன்மை ஒப்பந்தம், இரண்டு திருத்தங்கள், ஒரு வருடாந்தக் கட்டளைப் பத்திரம், இணையத்தளத்தில் "ஏற்றுக்கொள்கிறேன்" என்று சொடுக்கும் நிபந்தனைகள் என்று ஐந்து ஆவணம் ஒரே வளத்துக்கு இருக்கலாம். எது எதை மீறும் என்ற பிரிவு முதன்மை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். அதையும் ஒரு புலமாக்குங்கள். ஸ்கேன் கோப்பில் அந்தக் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இரட்டைப் பக்கத் தாளை ஒற்றைப் பக்கமாக ஸ்கேன் செய்த கோப்புகள் அபூர்வமல்ல. எழுத்துணரி தந்த வாசகத்தில் எண்களை மூலத்தோடு ஒப்பிடுங்கள். 30ஐ 80 என்று வாசித்தால் அறிவித்தல் காலமே மாறிப்போகும்.

கூட்டாக வாங்கிய உரிமங்களில், கையொப்பமிட்டது பல நூலகங்கள் சேர்ந்த கூட்டமைப்பு, பாவிப்பது நீங்கள். முழு வாசகம் உங்களிடம் இராது, ஒரு பக்க அறிவித்தல்தான் இருக்கும். அந்த அறிவித்தலை வைத்துப் பதியாதீர்கள். ஒப்பந்தத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் எல்லாக் கேள்விக்கும் மௌனம் என்றே இட்டு, காரணத்தை எழுதி வையுங்கள்.

ஓனிக்ஸ்-பிஎல் எப்போது தேவைப்படும்? வேறு நூலகங்களோடு உரிமங்களை ஒப்பிட அல்லது பரிமாற வேண்டும் என்றால். பல்கலைக்கழகங்களுக்காகக் கூட்டாக உரிமம் பேசும் பிரித்தானியாவின் ஜிஸ்க் அமைப்பு அதைப் பல நிறுவனங்களுக்குப் பொதுவான உரிமங்களுக்காகத்தான் பாவித்தது. வெளியீட்டாளர்கள் ஒப்பந்தத்தோடு அந்தக் கோப்பையும் சேர்த்து அனுப்பும் காலம் வரும் என்று எதிர்பார்த்தார்கள், அது வேரூன்றவில்லை. தனி நூலகம் ஒன்று அதைக் கையால் எழுதுவது உழைப்புக்கேற்ற பலன் தராது என்பதே என் அபிப்பிராயம். ஓடிஆர்எல் உங்களுக்குப் பயன்படும் இடம் வேறு: வாங்கிய வளத்துக்கல்ல, நீங்களே வெளியிடும் வளத்துக்கு. சித்த மருத்துவ ஏட்டுச் சுவடிகளை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுகிறீர்கள் என்றால் அங்கே உரிமையைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். அதற்கும் பெரும்பாலும் ஓடிஆர்எல் வேண்டாம். 2016இல் தொடங்கிய ரைட்ஸ்ஸ்டேட்மென்ட்ஸ் தளத்திலுள்ள, படைப்பின் பதிப்புரிமை நிலையைச் சொல்லும் 12 ஆயத்தக் கூற்றுகளில் பொருத்தமான ஒன்றின் முகவரி, அல்லது உரிமை உங்களுடையதாயின் ஒரு கிரியேட்டிவ் கொமன்ஸ் முகவரி போதும். பதிப்புரிமை முடிந்த சுவடிக்கு ஸ்கேன் செய்தவர் என்ற ஒரே காரணத்தால் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமம் ஒட்டுவது சரியல்ல, அடிக்கடி நடக்கிறது.

வேலையைத் தொடங்கும் முறை: 14இல் மூன்றை எடுங்கள். பெரிய சர்வதேச வெளியீட்டாளர் ஒன்று, கூட்டமைப்பு வழியாக வந்தது ஒன்று, சொடுக்கி ஏற்ற நிபந்தனை மட்டுமுள்ள சிறிய வளம் ஒன்று. இருவர் தனித்தனியாக, பேசிக்கொள்ளாமல் நிரப்பட்டும். ஒரு ஒப்பந்தத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால், விடை வேறுபடும் வரிகள் தெரியும். ஒருவர் "வெளிப்படையாக அனுமதி" என்றும் மற்றவர் "அனுமதி என எடுத்துக்கொண்டது" என்றும் எழுதியிருந்தால், பிரிவு இலக்கத்தைத் திறந்து அந்தச் செயலின் பெயர் வாசகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இரண்டாமவர் சரி. ஒருவர் அனுமதி, மற்றவர் தடை என்று வந்தால் அந்த வரியை மௌனத்துக்கு மாற்றி, வழங்குநருக்கு ஒரே கேள்வியுள்ள மின்னஞ்சல் அனுப்புங்கள். வரும் பதிலையும் ஒரு ஆவணமாக உரிமப் பதிவோடு இணைத்து, அதன் திகதியை வரியில் எழுதுங்கள். மீதி 11ஐ முடிவுத் திகதி கிட்டியதிலிருந்து தொடங்குங்கள், ஏனெனில் அவற்றில் கண்டுபிடிக்கும் ஓட்டைகளைப் புதுப்பிக்கும்போதே பேசித் திருத்தலாம்.